இந்த வயதில் மெதுவாகத்தான் வரும்

மார்ச் 4, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று முதல் சட்டைப் பையில் பேனா வைப்பதில்லை என்று தீர்மானித்தேன். இப்படிப்பட்ட முடிவுகளை அவசரத்தில் எடுக்கக் கூடாது என்பதால், பல் துலக்கும்போது தொடங்கி பேருந்து நிறுத்தம் வரை எல்லாக் கோணங்களிலும் யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பேனா இடப் பக்கப் பையில்தான் இருந்து வந்திருக்கிறது. முதலாளிகள் மாறினார்கள், பேனா இடம் மாறியதில்லை. இனி அதற்குக் கால்சட்டைப் பை. உட்காரும்போது குத்தும். பரவாயில்லை; அங்கே குத்துவதில் செய்தி எதுவும் இல்லை.

பேனாவுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் காரணத்தையும் எழுத வேண்டும். இடது மார்பில், காம்புக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. தொட்டால் உயிர் போகிறது. ஹார்மோன் எடுக்கத் தொடங்கி இது ஐந்தாவது மாதம். டாக்டர் எதிர்பார்க்கச் சொன்ன அடையாளம் இதுதான். பன்னிரண்டு வயதுப் பெண்கள் பயந்துபோய் அம்மாவிடம் ஓடிச் சொல்கிற விஷயம். எனக்கு ஐம்பத்தெட்டு. அம்மா இல்லை.

பேருந்தில் ஒருவர் முழங்கையால் அதே இடத்தில் இடித்தார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். நான் வாய் தவறி நன்றி சொன்னேன்.

மார்ச் 5

வலது பக்கம் இன்னும் பழைய கட்சியிலேயே இருக்கிறது.

மார்ச் 19, புதன்

ஹார்மோன் டாக்டரிடம் போனேன். என்னைவிட இருபது வயதாவது இளையவர். பட்டாணியைப் பார்த்து, "நல்ல அறிகுறி. சாதாரணமா இடது முந்தும், இல்லேன்னா வலது முந்தும். அடுத்தது பின்னாடி வந்து சேர்ந்துக்கும்" என்றார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன்.

"நேர்மையா சொல்லட்டுமா?"

இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் யாரும் கிடையாது. வேண்டும் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டவர்களும் கிடையாது.

"இருபது வயசுல ஆரம்பிக்கிறவங்களுக்கே ஒருத்தருக்கு வர்ற மாதிரி இன்னொருத்தருக்கு வராது. உங்க வயசுல இன்னும் கம்மியா, இன்னும் மெதுவாத்தான் வரும். தோல் மெலிசாகும். தசை குறையும். கொழுப்பு கொஞ்சம் இடம் மாறும், அதுக்கே சில வருஷம் ஆகலாம். மார்பு ஓரளவுக்கு. எலும்பு மாறாது. தோள், தாடை, கை எல்லாம் கட்டி முடிச்ச வீடு. குரல் மாறாது. தலையில போன முடி போனதுதான். ஓரளவுக்குன்னா எவ்வளவுன்னு கேக்காதீங்க. உங்க வயசுல ஆரம்பிச்சவங்களை உக்காந்து எண்ணிப் பாத்தவங்க கம்மி."

"அளவைக் கூட்டினா?"

"கூட்டினா மார்பு வளராது, ரத்தம் உறையும். உங்களுக்குப் பெண் ஹார்மோனை நான் மாத்திரையா எழுதல, பாத்தீங்கல்ல? ஆண் ஹார்மோனை அடக்குறதுக்கு மட்டும்தான் மாத்திரை, இது தோல்ல தடவுற ஜெல்தான். மாத்திரை கல்லீரல் வழியா போகும், ரத்தத்தைக் கெட்டியாக்கும். சின்ன வயசுக்காரி தாங்குவா. நீங்க சிகரெட்டை விட்டே ஒரு வருஷம்தான் ஆகுது. மெதுவா போவோம். எப்ப ரத்தம் சரியில்லையோ அன்னைக்கு நிறுத்திடுவேன், சண்டை போடக் கூடாது."

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுவிட்டுப் போனவர் நிச்சயம் ஹார்மோன் டாக்டராகத்தான் இருந்திருப்பார். என்ன, அவர் கட்டணம் வாங்காமல் சொல்லிவிட்டார்.

ஆனால் நான் கேட்பது என்ன? அழகா? சத்தியமாக இல்லை. அந்த வண்டி போய் வெகுநாளாகிறது. நான் கேட்பது ஒரு கிழவி. அவ்வளவுதான். எந்தத் தெருவில் பார்த்தாலும் நான்கு பேர் நடந்துபோகிறார்கள். அந்தப் பதவிக்கு யாரும் தனியாக முயற்சி செய்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் தாமதித்தால் தானாக வந்துவிடுகிறது. எனக்குத் தானாக வரவிருப்பது கிழவன். அதற்குள் இது வந்து சேர வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா இன்றைக்குப் பேசினாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விசிலைத்தான் அங்கே ஒப்படைத்தாள், குரலை இல்லை. எனக்கு ஹார்மோன் சிகிச்சை நடப்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். அன்று "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நீர்த்தொட்டியைக் கழுவப் போனாள். இத்தனை மாதம் யோசித்திருக்கிறாள்.

"டேய், எனக்கு ஒண்ணு புரியல. இது என்னை விட்டுப் போனப்ப நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் வேர்த்துக் கொட்டும். எதுக்கெடுத்தாலும் அழுகை. முட்டி தேஞ்சுது, மணிக்கட்டு உடைஞ்சுது. சனியன் ஒழிஞ்சா சரின்னு இருந்தேன். எல்லாப் பொம்பளைங்களும் ரிட்டையர் ஆகுற வயசுல நீ வேலைக்குச் சேர்றியே."

"போஸ்டிங் லேட்டா வந்துச்சுக்கா."

"சிரிக்காத. ஏன்டா முன்னாடியே பண்ணல?"

பதில் அவளுக்கும் தெரியும். அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று காத்திருந்தேன். அம்மா எதிலும் நிதானமானவள். தொண்ணூற்றொன்று வரை இருந்தாள். ஒவ்வொரு பிறந்த நாளிலும் நான் மனப்பூர்வமாக அவளை வாழ்த்தினேன். அந்த வாழ்த்து பலித்துக்கொண்டே இருந்தது.

"கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்" என்றாள் அக்கா. பிறகு "வலிக்குதா?" என்றாள்.

"ம்."

"எனக்கும் வலிச்சுது அப்ப. குப்புறப் படுக்காத."

ஏப்ரல் 22

வேலையைப் பற்றி எழுத வேண்டும். நான் பொய்ப்பல் செய்கிறவன் — செய்கிற ஆள். (பார், இங்கேயே கை பழைய பாதையில் போகிறது.) மேலே மாடியில் பல் டாக்டர், கீழே நாங்கள். மெழுகில் பல்லை அடுக்கி, பிளாஸ்டருக்குள் புதைத்து, பித்தளைப் பெட்டியில் அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து எடுப்போம். வெந்து ஆறிய பெட்டியை நெம்பித் திறக்க நல்ல கைப்பலம் வேண்டும். இருபத்தைந்து வயதிலிருந்து அதை ஒரே மூச்சில் திறந்தவள் நான்.

இன்று திறக்கவில்லை. மூன்று தடவை முக்கினேன். பக்கத்து மேசைக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிளாஸ்டர் கரைப்பது அவன் வேலை. புருவம் வரைக்கும் வெள்ளையாகவே திரிவதால் எல்லோருக்கும் அவன் 'பிளாஸ்டர்'தான்.

"என்ன அண்ணே, ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா? இதைத் திறக்க இப்படித் திணறுறீங்க?"

"வயசாகுதுப்பா."

"போன வருஷம் வயசாகலையா?"

வாங்கி, ஒரே நெம்பில் திறந்துவிட்டான். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டேன். தசை குறையும் என்று டாக்டர் சொன்னாரே! ஒரு மனிதன் பலவீனமாகிவிட்டதற்காகக் கழிவறைக்குப் போய்த் தனியாகச் சிரித்தது இந்தக் கட்டடத்தில் இதுவே முதல் முறையாக இருக்கும்.

மே 9, வெள்ளி

கிளினிக்கில் காத்திருக்கும் இடத்தில் சிட்டுவைப் பார்த்தேன். அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் இன்னும் கம்பீரமானது. ஆனால் நர்சு முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் சிட்டு என்றே கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வயது. செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை. பத்தொன்பதில் தொடங்கினாளாம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த அறிமுகமும் இல்லாமல், "பெரியம்மா, நகரு கொஞ்சம், பை வெக்கணும்" என்றாள்.

பெரியம்மா.

நகர்ந்தேன். சொல்லியிருந்தால் கட்டடத்தை விட்டே நகர்ந்திருப்பேன்.

அவள் தோல் மாவு மாதிரி இருக்கிறது. தாடையில் ஒரு மூலை கிடையாது. சிரித்தால் கன்னம் திரள்கிறது. அவள் உடம்பு சொன்னதைக் கேட்டிருக்கிறது. என் உடம்பு, நீண்ட காலம் பணியாற்றிய அரசு ஊழியரைப் போல, மனுவை வாங்கி வைத்துக்கொண்டு நாளை வரச் சொல்கிறது.

"எவ்ளோ நாளாச்சு பெரியம்மா?"

"ஏழு மாசம்."

என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கெட்ட எண்ணம் இல்லை. தொழில்காரியின் பார்வை, பழுது பார்க்க வந்த செல்போனைப் பார்ப்பது போல. "எனக்கெல்லாம் ஏழு மாசத்துல என் ஃப்ரெண்டுக்கே அடையாளம் தெரியல. உனக்கு லேட்டாகும்ல? பழைய மாடல்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தாடையின் மூலைகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன.

மே 30

மாடியிலிருந்து ஒரு அம்மாவைப் பல்லின் நிறம் பார்க்கக் கீழே அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எழுபது இருக்கும். நான் பல் ராவிக்கொண்டிருந்ததால் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே ஏப்ரன். கண் மட்டும்தான் வெளியே.

எழுபது வயது வாயில் இருபது வயதுப் பல்லை வைத்தால் பொய் என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் மஞ்சள் வைப்போம். விளிம்பைத் தேய்ப்போம். ஒரு பல்லை லேசாகத் திருப்புவோம். வயதைப் போலியாகச் செய்வதுதான் எங்கள் தொழில் நுட்பமே. நான் அந்த அம்மாவுக்கு ஏற்ற மஞ்சளை எடுத்து நீட்டினேன்.

"இது என்ன, கறை புடிச்ச மாதிரி?"

பிளாஸ்டர் முந்திக்கொண்டான். "உங்க வயசுக்கு இதுதாங்க இயற்கையா இருக்கும்."

"என் வயசு எனக்குத் தெரியும்ப்பா. அதை என் வாய் ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயும் பொம்பளைதானே, இவனுக்கு எடுத்துச் சொல்லு."

நான் வாயைத் திறந்தால் கதை முடிந்துவிடும். எனவே ஆழ்ந்த அனுபவம் உள்ளவள் போலத் தலையை மட்டும் ஆட்டினேன். இருப்பதிலேயே வெள்ளையான பல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவர் ராணி மாதிரி மாடியேறிப் போனார்.

பிளாஸ்டர் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு: "அந்தம்மாவுக்குப் பல்லுக்கு முன்னாடி கண்ணாடி மாத்தணும் அண்ணே."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஏன் என்று தெரியவில்லை. தலையாட்டின வேகத்தில் வந்துவிட்டது. அவன் பிளாஸ்டர் கிண்ணத்தைக் கலக்குவதை நிறுத்தாமல் கேட்டான். கலவை கல்லாகிவிட்டது.

"அதான் பெட்டி திறக்க வரலையா?"

"அதான்."

"நான் கேன்சர்னு நெனச்சு வீட்டுல சொல்லிக்கூட வெச்சிருந்தேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிளாஸ்டர் கையோடு. கண் எரிந்து குழாயடிக்கு ஓடினான்.

ஜூன் 3

தலைமையாசிரியைக்குப் பல் பொருத்தியாயிற்று. சோழியை அடுக்கினது போல் இருக்கிறது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

ஜூன் 14, சனி

மாஸ்க் வரை வந்துவிட்டேன். பாதி முகம். மற்ற பாதி எப்போது? டாக்டரின் கணக்குப்படி எனக்கு அறுபத்தொன்று, அறுபத்திரண்டு ஆகிவிடும். அப்போது இந்தப் பக்கம் ஒரு பிடி சதை ஏறும்போது அந்தப் பக்கம் இரண்டு பிடி சரியும். வயதும் நானும் ஒரே படிக்கட்டில், எதிரெதிராக.

வலப் பக்கமும் முடிச்சு வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியேதான். இடது முந்தியது, வலது பின்னால் வந்தது.

ஜூன் 27

கிளினிக்கில் சிட்டு. அவளையும் மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாற்றிவிட்டார் டாக்டர். பழைய மாத்திரைகள் பை நிறைய மீதி இருப்பதாகச் சொன்னாள்.

நான் மிக இயல்பாக, "எனக்கும் மாத்திரைதான் எழுதியிருக்காங்க. கடையில ஸ்டாக் இல்லையாம்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. பொய்ப்பல் செய்து செய்து வாய்க்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

"அட, இந்தா பெரியம்மா, எனக்கு எதுக்கு இது?" முழுவதையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஜெல்லும் தொடரும். கூடவே மாத்திரை. ஆறு மாதம் மட்டும். பிறகு நிறுத்திவிடலாம். பழைய பாக்கியை அடைக்கத்தானே?

ஜூலை 1

எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பல் செட்டுக்குள் குமிழி விழும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மேலே பார்த்தால் தெரியாது. பளபளப்பாக இருக்கும். ஒரு நாள் கடிக்கும்போது இரண்டாகப் போகும்.

இரண்டு மாத்திரை, காலையும் மாலையும்.

ஜூலை 20, ஞாயிறு

நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கம் வருகிறது. முகம் மெத்தென்று இருப்பதாக அக்காவே சொன்னாள். "உனக்குப் போய் முகத்துல களை வருது பாரு. எனக்கு இந்த வயசுல மச்சம்தான் வருது."

சந்தோஷமாக இருக்கிறேனா? இருக்கிறேன். எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8

ஒரு முக்கிய நிகழ்ச்சி. இடது கெண்டைக்கால் உருண்டிருக்கிறது. வலதை விடக் கண்கூடாக. காலுறையின் விளிம்பு சதையில் பதிகிறது. என் கால்கள் பிறந்ததிலிருந்து இரண்டு குச்சிகள். இன்று ஒன்று மட்டும், அக்காவின் பழைய விளையாட்டுக் குழுப் புகைப்படத்தில் வரிசையாக நிற்கிற பெண்களின் கால் போல. கொழுப்பு இடம் மாறத் தொடங்கிவிட்டது!

வலது எப்போதும் போலப் பின்னால் வரும்.

லேசான வலியும் கதகதப்பும் இருக்கின்றன. முடிச்சு வந்தபோதும் வலித்ததே. இந்த உடம்பு எதையும் வலிக்காமல் தருவதில்லை.

ஆகஸ்ட் 10

குட்டைப் பாவாடை போடுகிற வயதா இது என்று அக்கா கேட்டாள். நான் போடவில்லை, காலைக் காட்ட வேட்டியைத் தூக்கித்தான் பிடித்தேன். அவள் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"வீங்கின மாதிரி இருக்குடா."

"வீக்கம் இல்லக்கா. வடிவம்."

"மாணவிங்க எத்தனை பேர் காலை நான் பாத்திருக்கேன். இது சுளுக்கோ என்னவோ. டாக்டர்கிட்ட காட்டு."

காட்டினால் மாத்திரையைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19

மூச்சு

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உட்கார்ந்து எழுத விடுகிறார்கள். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அன்று காலை மாடிப்படியில், மெழுகில் அடுக்கிய பல்லைப் பல் டாக்டரிடம் கொண்டுபோகும்போது, பாதிப் படியில் மூச்சு நின்றுவிட்டது. யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது போல. உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்து ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். அதுதான் மேலே இருப்பது. அப்போது எழுதவேண்டும் என்று ஏன் தோன்றியது? பிளாஸ்டர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான்.

கெண்டைக்காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அது வடிவம் இல்லை. வீக்கம்தான். அக்கா சொன்னது. அக்காவே சொன்னாளே. ஒத்தக் கால் மட்டும் எப்பிடிடீ உருளும், மூளை எங்க போச்சு உனக்கு? ரெண்டு வாரம் அதையே தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தேன். சாவைத் தடவிக் கொடுத்திருக்கேன்.

ஆகஸ்ட் 25

மருத்துவமனையில் என்னை எங்கே படுக்க வைப்பது என்று ஒரு கருத்தரங்கம் நடந்ததாம். எனக்கு ஆக்சிஜன் வழியாகத் துண்டு துண்டாகக் கேட்டது. அடையாள அட்டையில் ஆண் என்று இருக்கிறது. சட்டையைக் கழற்றிய நர்சு ஆண்கள் வார்டு கூடாது என்றார். பெண்கள் வார்டு நர்சு தாடையைப் பார்த்துவிட்டு அங்கேயும் கூடாது என்றார். கொள்கை அளவில் நான் எங்கேயும் சாக முடியாத நிலை.

அப்போதுதான் அந்தக் குரல். விளையாட்டு மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரல்.

"ஏம்மா, அது என் தங்கச்சி. எந்த வார்டுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க. ஆனா மூச்சு நிக்கிறதுக்குள்ள பண்ணுங்க!"

இரண்டு வார்டுக்கும் நடுவில், வராந்தாவில், துணித் தடுப்பு கட்டிப் போட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். காற்றோட்டமான இடம்.

ஆகஸ்ட் 27, புதன்

ஹார்மோன் டாக்டர் வராந்தாவுக்கே வந்தார். கையில் ரத்தப் பரிசோதனை முடிவு.

"நான் எழுதின ஜெல்லுக்கு இந்த அளவு வராது. வேற என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரை."

"யார் குடுத்தா?"

"வாங்கினேன்."

"எங்க?"

போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தாமல் கோபப்படுகிறவர்.

"மெதுவான்னு நான் சொன்னது வாய்க்கு வந்த வார்த்தைன்னு நெனச்சீங்களா? உங்களுக்கு இருந்த ஒரே வழி அது. அகலமான வழி இல்ல, எனக்கும் தெரியும். ஆனா அது வழி."

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஜெல், ஆண் ஹார்மோனை அடக்குகிற மாத்திரை, எல்லாம். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை. ஆறு மாதம் கழித்து நுரையீரல், இதயம் எல்லாம் பார்த்துவிட்டுப் பேசலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"வந்ததெல்லாம்?"

"மார்புல வந்தது பெரும்பாலும் இருக்கும். மத்தது திரும்பிடும். தோல், தசை, முடி… உங்க உடம்பு சும்மா இருக்காது, பழைய வேலையை ஆரம்பிச்சிடும்."

"அந்த ஒரு மாத்திரையையாவது விடுங்களேன். அடக்கி வைக்கவாவது."

"ரெண்டு ஹார்மோனும் இல்லாம இந்த வயசுல இருந்தா எலும்பு பொடியாகும். உங்க அக்கா மணிக்கட்டு உடைஞ்ச கதையைச் சொன்னாங்களே, பாத்தீங்கல்ல?"

சண்டை போடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். போடவில்லை.

செப்டம்பர் 12

வீட்டுக்கு வந்த பிறகு சிட்டு பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "நான்தானே குடுத்தேன் பெரியம்மா. டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

"திருடினவளை விட்டுட்டுப் பூட்டுக் கடைக்காரியைப் புடிக்கிறியே. உள்ள வா."

அவளுக்கும் வருமோ என்று பயம். உன் வயதில் ஆபத்து குறைவு, டாக்டர் சொன்னபடி மட்டும் செய், என்னைப் பார்த்துத் தெரிந்துகொள் என்றேன். நான் மற்றவர்களுக்குப் பாடமாகிவிட்டேன். பாடங்கள் பொதுவாக நீண்ட நாள் வாழும் என்பது ஒரு ஆறுதல்.

அக்கா அவளை விடவில்லை. சாப்பிட வைத்து, முதுகைக் கூன் போடாமல் உட்காரச் சொல்லி, இரண்டு தோள்பட்டைப் பயிற்சியும் கற்றுக் கொடுத்து அனுப்பினாள்.

அக்டோபர் 3

பிளாஸ்டர் இப்போது என்னை முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோபம் இல்லை, அண்ணே என்று சொல்ல மனம் வரவில்லையாம், அக்கா என்றால் நான் அழுதுவிடுவேனோ என்று பயமாம். "ஏங்க" என்கிறான். முதலாளி அவனிடம் உங்களுக்குள் சண்டையா என்று கேட்டாராம்.

நவம்பர் 11

முகத்தில் மெத்தென்று இருந்தது போய்விட்டது. எண்ணெய் வழிகிறது. உடம்பில் பழைய வாடை. ஒரு நாள் காலையில் தலையணையை முகர்ந்துவிட்டு, யாரோ அறைக்குள் வந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நவம்பர் 12

கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன். மாலையில் எடுத்துவிட்டேன். சாவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஐம்பத்தொன்பது. அக்கா வாழ்த்தினாள். "நூறு வருஷம்—" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, "சரி, எழுபது இரு" என்று முடித்தாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஆறு மாதம் முடிந்தது. அக்காவும் கூட வந்தாள். டாக்டர் படங்களை விளக்கில் வைத்துப் பார்த்தார். நுரையீரலில் தழும்பு. இதயத்தின் வலது பக்கம் களைத்திருக்கிறதாம்.

"ஜெல், கொஞ்சூண்டு?" என்றேன்.

"ரத்தத்தை இளக்குற மாத்திரையோட சேத்து ஜெல் தர்ற டாக்டருங்க இருக்காங்க. வேற சிலருக்கு நானே தருவேன். உங்களுக்கு, இந்த வயசுல, இந்த இதயத்தோட, எழுத மாட்டேன். கையெழுத்துப் போட என் கை வராது."

அக்கா கேட்டாள்: "அம்பதுல வந்திருந்தா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா."

"முப்பதுல?"

டாக்டர் படங்களை உறைக்குள் திருப்பி வைத்தார். "முப்பதுல வந்திருந்தா இந்த மாத்திரையைக்கூட அநேகமா தாங்கியிருப்பாங்க."

நாங்கள் எழுந்து வந்தோம். ஆட்டோவில் அக்கா ஓரமாக உட்கார்ந்தாள். வீடு திரும்புகிற முனையில், நேராகப் பார்த்துக்கொண்டே, "அம்மா கொஞ்சம் சீக்கிரம் போயிருக்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உடைந்து ஒட்டிய மணிக்கட்டு, குருவி எலும்பு மாதிரி. வீட்டுக்குப் போனதும் இருவரும் அம்மாவின் படத்தைப் பார்க்காமல் உள்ளே போனோம்.

மார்ச் 16, திங்கள்

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் நீண்ட வரிசை, நல்ல வெயில். முன்னால் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி போங்க தாத்தா."

முன்னால் போனேன்.